உலாவியையும் கிம்ப்பையும் ஒன்றாகச் சோதியுங்கள்

புது உலாவியை நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் அதை மட்டும் திறந்து நாலு பக்கம் பார்த்துவிட்டு, வேகமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வரைகலை மென்பொருளுக்கும் இதே கதைதான். என் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் ஓடும். கோயில் கொடை நோட்டீஸோ பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழோ செய்யும்போது ஒரு பக்கம் கிம்ப் திறந்திருக்கும், இன்னொரு பக்கம் படமும் எழுத்துருவும் தேடும் தாவல்கள், அதோடு வாட்ஸ்அப் வெப். கணினியில் இருப்பதோ 4 ஜிபி ராம். அதனால் எதைச் சோதித்தாலும் மற்றதையும் திறந்துவைத்துக்கொண்டே சோதிப்பது என் வழக்கம்.

முதலில் ஒரு கணக்கு. அச்சுக்குப் போகும் ஏ4 தாள் 300 டிபிஐ அளவில் 2480 × 3508 பிக்சல், அதாவது ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு லேயருக்கே 35 எம்பி ஆகிறது. பத்து லேயர் போட்டால் 350 எம்பி. செய்ததைத் திரும்பப் பெற மென்பொருள் சேர்த்துவைப்பது தனி. கிம்ப்பில் இமேஜ் மெனுவின் பிரிசிஷன் பகுதியில் 32 பிட் ஃப்ளோட் என்று இருந்தால் இந்த அளவு நாலு மடங்காகும். நோட்டீஸுக்கு 8 பிட் தாராளமாகப் போதும். பிரிஃபரன்ஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் என்ற இடத்தில் டைல் கேச் எவ்வளவு என்று பாருங்கள். ராமில் பெரும்பங்கை அதற்கே கொடுத்துவிட்டால் உலாவி திணறும்.

உலாவிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டவை. ஓபரா 2013-லும் எட்ஜ் 2020-லும் அந்தப் பக்கம் வந்துவிட்டன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் மெனுவும் வசதிகளும் மாறுமே தவிர, பக்கத்தை வரையும் எஞ்சின் மாறாது. விண்டோஸ் கணினியில் உண்மையாகவே வேறு எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் ஃபயர்ஃபாக்ஸ்தான் கைக்கெட்டிய வழி. ஐந்து உலாவிகளை நிறுவிப் பார்ப்பதைவிட குரோமியக் குடும்பத்தில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸ் ஒன்று என்று இரண்டை ஒரே தாவல்களோடு ஓடவிட்டு, கன்ட்ரோல் ஷிப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் நினைவகத்தைப் பார்ப்பதே பயனுள்ள சோதனை. சோதனைக் காலம் முடியும்வரை கடவுச்சொற்களைப் புது உலாவியில் சேமிக்காதீர்கள்.

நான் ஃபயர்ஃபாக்ஸில் நின்றதற்கு இரண்டு காரணங்கள். விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் அதில் முழு வடிவில் இயங்குகிறது. குரோமில் இப்போது அதன் லைட் வடிவம் மட்டுமே. விளம்பரம் குறைந்தால் நினைவகமும் மிச்சமாகிறது. இன்னொரு காரணம் அம்மா. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் எழுத்துரு பகுதிக்குள் போய், தமிழுக்கென்று தனி எழுத்துருவும் அளவும் வைக்கலாம். அப்படிப் பெரிதாக்கிக் கொடுத்தபின் அம்மா கண்ணாடியைத் தேடாமல் செய்தி படிக்கிறார்கள். எனக்கு எந்த வேக அளவீட்டையும்விட இது முக்கியம்.

வரைகலை மென்பொருள் எதுவானாலும் முதலில் "கொடை, கோயில், பௌர்ணமி, ஸ்ரீ" என்று தட்டச்சு செய்து பாருங்கள். யுனிகோடில் ககரத்துக்குப் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டியது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு சிதறி நிற்கும். கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது. போட்டோஷாப்பில் எழுத்து உடைந்தால் யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு ஓட வேண்டாம். பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்ஸின் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்து மீண்டும் திறந்து பாருங்கள். முக்த மலர், மீரா இனிமை, கட்டமரன், பலூ தம்பி போன்ற நல்ல யுனிகோடு எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படத்தைத் திருத்த கிம்ப், எழுத்தும் கோடும் நிறைந்த வேலைக்கு இங்க்ஸ்கேப் என்று பிரித்துக்கொண்டேன். இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் விளிம்பு மங்காது. பேனருக்கு அதுதான் வேண்டும். கிரீட்டா கையால் வரைகிறவர்களுக்கான அருமையான மென்பொருள், என் வேலைக்கு அது தேவைப்படவில்லை. யாராவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அனுப்பினால் உலாவியிலேயே ஓடும் போட்டோபியாவில் திறப்பேன். கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் அதற்கான நினைவகம் உலாவியின் கணக்கில்தான் ஏறும் என்பதால் அப்போது மற்றத் தாவல்களை மூடிவிடுவது நல்லது.

அச்சகத்துக்கு அனுப்புமுன் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துவிடுங்கள். எழுத்து கோட்டுருவமாகிவிடுவதால், அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எதுவும் உடையாது. அதன்பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் முதலிலேயே சேமித்துவிட வேண்டும். நிறத்திலும் கவனம் வேண்டும். திரை காட்டுவது ஆர்ஜிபி, அச்சில் விழுவது சிஎம்ஒய்கே. திரையில் மின்னும் கிளிப்பச்சை தாளில் மங்கிவிடும். அதனால் ஒரே ஒரு தாள் மாதிரி அச்சிட்டுப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் சொல்லுங்கள்.

கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். அதில் சேமித்த எக்ஸ்சிஎஃப் கோப்பு பழைய 2.10-ல் திறக்காமல் போகலாம். ஆண்டுதோறும் தேதி மாற்றி மறுபடி அச்சிடும் கொடை நோட்டீஸ் போன்றவற்றின் பழைய கோப்புகளை, புதுப் பதிப்பில் திறப்பதற்கு முன் நகலெடுத்து வேறொரு ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.