எல்லாமே ‘வைரஸ்’தானா?

மரவள்ளி இலை தேமலாகிச் சுருண்டால் வைரஸ். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தால் வைரஸ். சேலம், நாமக்கல் பக்கம் இப்படிச் சொல்வது சரிதான். கம்ப்யூட்டர் வைரஸ் மட்டும் கிருமியல்ல. தன்னைத்தானே பிரதியெடுக்கும் புரோகிராம். லத்தீனில் இச்சொல்லுக்கு ‘நஞ்சு’ என்று பொருள். 1898-ல் டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க், புகையிலைத் தேமல் நோயை உண்டாக்குவதை இப்படிக் குறிப்பிட்டார்.

சிக்கல் காய்ச்சலில்தான். “வைரஸ் காய்ச்சலுங்க, மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் கொடுத்தேன்” என்கிறார்கள் தாய்மார்கள். அம்மா, அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. டெங்குவும் வைரஸ்தான். நிலவேம்புக் குடிநீர் தருகிறவன்தான் நானும். ஆனால் காய்ச்சல் தணியும் சமயத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால், கஷாயத்தை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.