சத்து மிகுந்தும் மீன் சாவதேன்?

கேள்வி: நெக்லஸ் ரோட்டில் தினமும் நடக்கப் போகிறேன். கோடை வந்தால் ஹுசேன் சாகர் பச்சைப்பசேலென்று ஏடு கட்டிக் கிடக்கிறது; மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம் என்கிறார்களே, அப்படியானால் ஏரியில் மீன் கொழிக்க அல்லவா வேண்டும்? ஏன் செத்து மிதக்கிறது? நுண்ணுயிர்க் கலவை தெளித்தால் சரியாகிவிடுமா?
வாசகி, மாரேட்பள்ளி, செகந்திராபாத்

பதில்: உரம் என்பது உண்மைதான். பாசிக்கும் அது உரம் என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஆல்பிரட் ரெட்ஃபீல்ட், அவற்றில் சராசரியாக 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், ஒரே ஒரு பாஸ்பரஸ் என்ற கணக்கு இருப்பதைக் கண்டார். ஏரிப் பாசியில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் எது குறைவோ அதுதான் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும். நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் அந்தக் கடிவாளம் பாஸ்பரஸின் கையில் இருக்கிறது. 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தனர். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபக்கம் அவற்றுடன் பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் பல நாடுகளில் சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு வலு சேர்த்தது.

ஹுசேன் சாகருக்குக் குக்கட்பள்ளி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் நாலாக்கள் என்னும் சாக்கடைக் கால்வாய்கள் வழியே பல பத்தாண்டுகளாக வந்து சேர்ந்தது இந்தப் பாஸ்பரஸ்தான். அதன் பயணத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மொராக்கோவிலும் ஜோர்டானிலும் வெட்டிய பாஸ்பேட் பாறை டிஏபி உரமாகி வயலுக்குப் போகிறது. அங்கிருந்து நெல்லாகி, நம் வயிற்றுக்குள் போய், கழிவறை வழியே ஏரிக்கு வருகிறது. அன்னியச் செலாவணி கொடுத்து வாங்கிய பொருளைத் தண்ணீரில் கொட்டுகிறோம்.

நைட்ரஜன் வந்த வழியே திரும்பிப் போகக்கூடியது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றோடு அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாயு வழி இல்லை. அது தண்ணீரோடு வெளியேற வேண்டும், இல்லையேல் அடியில் படிய வேண்டும். இப்படி நைட்ரஜன் குறைந்து பாஸ்பரஸ் மிஞ்சும்போது நீலப்பச்சைப் பாசிகளுக்குக் கொண்டாட்டம். அவற்றில் சில காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகைக்கு அந்தத் திறமை இல்லை. ஆனால் உடலுக்குள் காற்றறைகள் உண்டு. அதனால் மேலே மிதந்து வெயில் முழுவதையும் தானே வாங்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் ஏடு இந்த வகையாக இருக்கலாம். இதில் சில நச்சும் சுரக்கும். கையால் தொட வேண்டாம்.

இனி மீனுக்கு வருவோம். தண்ணீர்த் தெள்ளு எனப்படும் டாஃப்னியா, பாசியைத் தின்று மீன்குஞ்சுக்கு உணவாகும் சிற்றுயிர். நீலப்பச்சைப் பாசி கூழ்போல் திரண்டு நிற்பதால் அதன் வாய்க்குள் போகாது. போனாலும் வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்புச் சத்து அதில் மிகக் குறைவு. ஆகவே பச்சை மிகுந்தாலும் மீன்வரை அது வந்து சேர்வதில்லை. தின்னப்படாத பாசி செத்து அடியில் அழுகும். அந்த அழுகலே ஆக்சிஜனைக் குடிக்கும். இரவில் உயிரோடிருக்கும் பாசியும் மூச்சுவிட ஆக்சிஜனை எடுக்கும். அதனால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைந்துபோகிறது. அந்த நேரத்தில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். வெயில் ஏறியதும் சில மிதக்கும்.

நாற்றமும் இதிலிருந்தே வருகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்ஃபேட்டைக் கந்தக வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது கால்சியம் சல்ஃபேட். அதில் செய்து ஏரியில் கரைக்கப்பட்ட விநாயகர் சிலைகளும் அந்தக் கந்தகத்தோடு கொஞ்சம் சேர்த்திருக்கின்றன. அத்தோடு, இரும்போடு பிணைந்து சேற்றில் கிடந்த பாஸ்பரஸ் அந்த நிலையில் அவிழ்ந்து மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும். இன்றைக்கே நாலாக்களை முழுதாக அடைத்தாலும் சில ஆண்டுகள் ஏரி பச்சையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதே ஹைதராபாத் நகரத்தின் கழிவுநீர் மூசி ஆற்றில் போகும்போது பீர்ஜாதிகூடா போன்ற இடங்களில் விவசாயிகள் அதைப் பாய்ச்சிப் பாரா புல் வளர்த்தார்கள். எருமை அந்தப் புல்லைத் தின்றது. பால் நகரத்துக்கே திரும்பி வந்தது. சத்து சுழல வேண்டிய வழியை அவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். ஆனால் ஆலைக் கழிவின் உலோகங்கள் அதே தண்ணீரில் கலந்திருந்தால் அவையும் புல்லில் ஏறக்கூடும். அதனால் அந்தப் பாலை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன்.

நுண்ணுயிர்க் கலவை அழுகும் பொருளைக் கரைக்கும். நாற்றமும் கொஞ்ச நாள் தணியும். பாஸ்பரஸில் ஓர் அணுவைக்கூட அது அழிக்காது. சுத்திகரிப்பு நிலையத்திலேயே படிகாரமோ இரும்பு உப்போ சேர்த்துப் பாஸ்பரஸைப் படிய வைத்து, ஏரிக்குள் வராமல் தடுப்பதே வழி. அந்தப் படிவை மறுபடி வயலுக்குக் கொடுக்க வேண்டுமானால், குக்கட்பள்ளி நாலாவில் ஆலைக் கழிவு கலப்பதை முதலில் நிறுத்தியாக வேண்டும்.