தகர நட்சத்திரமும் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையும்

ராயபுரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கம்மா நேற்று போன் செய்தாள். பால்பவுடர் டின் மூடியை வெட்டி நட்சத்திரம் செய்து வீசினாயாமே. ஒன்று மரபீரோ கதவில் ஏறி நிற்கிறதாம். இன்னொன்று பக்கத்து வீட்டுப் பையனின் காதை உரசிக்கொண்டு போயிருக்கிறது. திட்ட வேண்டியதை எல்லாம் அக்காவே திட்டி முடித்திருப்பாள், அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. "எப்பப் பாரு நிஞ்சா நிஞ்சான்னு உயிரை எடுக்கிறான், நீயாவது பேசுடா" என்றாள். போனில் பேசினால் பாதியிலேயே கேமுக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ பார்த்தது 'ஷினோபி' என்று தெரிந்தது. 2005இல் வந்த ஜப்பான் படம், டென் ஷிமோயாமா இயக்கியது. இகா, கோகா என்று இரண்டு நிஞ்சா கூட்டங்கள். இந்தக் கூட்டத்துப் பெண்ணும் அந்தக் கூட்டத்துப் பையனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். நாட்டை ஆள்பவர்கள் இரண்டு கூட்டத்தையும் மோதவிடுகிறார்கள். ஃபூட்டாரோ யமாடா 1950களின் கடைசியில் எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை. நான் குறை சொல்லப் போவதில்லை, நானும் உட்கார்ந்து பார்த்தவன்தான்.

ஆனால் உன் நட்சத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து நிஞ்சாக்களுக்கு அது ஆளைக் கொல்லும் ஆயுதம் இல்லை. எதிரி திடுக்கிட்டு முகத்தைத் திருப்பும் நேரத்தில் ஓடித் தப்பிக்கத்தான் அது பயன்பட்டது. அவர்களுடைய முக்கியமான வேலை உளவு. எதிரி ஊருக்குள் விவசாயியாக, சாமியாராக, வியாபாரியாகப் போய் உட்கார்ந்து விஷயம் சேகரிப்பார்கள். கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு போனால் முதல் தெருவிலேயே மாட்டிக்கொள்வார்களே! அந்த உடுப்பு கபுகி நாடக மேடையிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே சாமான் எடுத்து வைக்கிற ஆட்கள் கறுப்பு அணிந்து நடமாடுவார்கள், பார்ப்பவர்கள் அவர்களை இல்லாதவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லாத ஆள் ஒருவன் திடீரென்று கத்தியை எடுத்தால் எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சிதான் சினிமாவரைக்கும் வந்தது.

எண்பதுகளில் நிஞ்சா படங்கள் குவிந்ததற்குக் காரணமும் அந்த முகமூடிதான். முகம் தெரியாவிட்டால் யாரை வைத்து வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹாங்காங்கில் காட்ஃப்ரி ஹோ என்று ஓர் இயக்குநர் இருந்தார். வேறு யாரோ எடுத்த பழைய படத்தை வாங்குவார், நடுநடுவே நிஞ்சா சண்டையைச் சொருகுவார், புதுப்படம் என்று விற்றுவிடுவார். படத்தில் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் ஓடியது.

இனி நீ வாய்ஸ் மெசேஜில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நம்ம ஊர்ல இந்த மாதிரி ரெண்டு கூட்டம் இருந்துச்சா மாமா?"

இருந்தது. நீ இருக்கும் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் போய்ச்சேருகிற தெருக்களில்தான் இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை. பரம்பரை என்றதும் தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே அந்தச் சொல்லுக்கு ரத்த சம்பந்தம் கிடையாது. எந்த வாத்தியாரிடம் குத்துச்சண்டை கற்றாயோ, அந்த வாத்தியாருக்கு வாத்தியார் யாரோ, அதுதான் உன் பரம்பரை. பெயரில் நாயக்கர், செட்டியார் என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே பல சாதிக்காரர்கள், பல மதக்காரர்கள் இருந்தார்கள். ஒரே பரம்பரைக்காரர்கள் தங்களுக்குள் மோதமாட்டார்கள், அது எழுதாத சட்டம். சார்பட்டாக்காரன் மேடை ஏற வேண்டுமென்றால் அடுத்த பரம்பரையில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

வெள்ளைக்காரனோடு வந்த விளையாட்டு இது. ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவிலேயே முதல் ஸ்டேஷன். ரயில்வே, துறைமுகம், பட்டாளம் என்று ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் நிறைந்த பக்கம் இது. அவர்கள் கிளவுஸ் மாட்டிக்கொண்டு குத்துவதைப் பார்த்த நம் ஆட்கள் கற்றுக்கொண்டு, பிறகு அவர்களையே எதிர்த்து மேடையேறினார்கள். மூட்டை தூக்குகிறவன், மில்லில் நூல் நூற்கிறவன், வலை இழுக்கிறவன், இவர்களுக்குத் தோள் ஏற்கெனவே தயாராக இருந்தது. போஸ்டரில் 'ரோஷமான குத்துச்சண்டை' என்று போடுவார்கள். அந்த 'ரோஷமான'வில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். 1980இல் முகமது அலியே மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார் என்றால் இந்த ஊரின் பைத்தியத்தைப் புரிந்துகொள்.

உன் தாத்தா ஹார்பரில் கூலி. சார்பட்டா பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் இடியாப்ப நாயக்கர் பக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது தாத்தா தோளில் உட்காரவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சண்டைக்குக் கூட்டிப்போனார். ரிங்கில் நடந்தது பாதிகூடத் தெரியவில்லை, எனக்கு முன்னால் எல்லோரும் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பீடிப் புகையும் வியர்வையும்தான் நினைவில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரரும் முகம் பார்க்கமாட்டார்கள். திங்கட்கிழமை விடிகாலை தோற்ற பக்கத்துக்காரர் போய் ஜெயித்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவார், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள். ஜெயித்தவர்தான் மிதிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

எண்பதுகளின் கடைசியோடு அந்தப் பரம்பரைச் சண்டைகளெல்லாம் மங்கிவிட்டன. அதற்கப்புறம் சினிமாதான் அவற்றைத் தூசி தட்டி எடுத்தது. 2015இல் 'பூலோகம்' வந்தது. பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் வந்தது, அதுவும் தியேட்டருக்கு வராமல் நேரே அமேசான் பிரைமுக்கு. ஆயிரம் பேர் ஒன்றாகக் கத்த வேண்டிய படத்தைக் கொரோனா காலத்தில் ஆளுக்கொரு அறையில் பார்த்தோம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் டிவியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்தார், அந்த ஒரு ராத்திரி மட்டும் கொஞ்சம் தேவலை.

அக்காவிடம் கேட்டுவிட்டு 'சார்பட்டா பரம்பரை'யைப் பார். சாராயக் காட்சிகளும் வெட்டுக்குத்தும் உண்டு, அவள் கூட உட்காரட்டும். பார்க்கும்போது நான் சொல்கிறபடி பார்.

டான்சிங் ரோஸ் சண்டை வரும். இடியாப்ப பரம்பரைக்காரன், ஷபீர் கல்லரக்கல் நடித்தது. அந்தச் சண்டையை இரண்டாவது முறை போடும்போது சத்தத்தை முழுதாக நிறுத்திவிடு. டமால் டுமீல் எல்லாம் பிறகு சேர்த்ததுதான், அது காதை ஏமாற்றிக் கண்ணையும் சேர்த்து ஏமாற்றும். சத்தம் போனதும் கையைப் பார்க்காதே, காலைப் பார். ரோஸ் இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு முகத்தை நீட்டுகிறான், "வா, இதோ குத்து" என்பதுபோல. சார்பட்டாக்காரனான கதாநாயகன் கபிலன் குத்தினால் அங்கே காற்றுதான் இருக்கிறது. முகம் பின்னால் போனதைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்னாலேயே கால் நகர்ந்துவிட்டது. ஷெஃபீல்டில் வளர்ந்த நசீம் ஹமீது என்ற பாக்சர் இப்படித்தான் ஆடுவார், அவருடைய பழைய வீடியோக்களையும் தேடிப் பார். ஆர்யாவின் கபிலன் கொஞ்ச நேரம் காற்றைக் குத்திக் குத்திக் களைக்கிறான். அப்புறம் துரத்துவதை விட்டுவிட்டு ரோஸின் ஆட்டத்தைப் படிக்க ஆரம்பிக்கிறான். அதற்குமேல் சண்டை வெகுநேரம் நடக்கவில்லை.

இன்னொன்று. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே காட்சி எத்தனை முறை வெட்டுப்படுகிறது என்று எண்ணு. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வெட்டு இருந்தால் நடிகருக்குச் சண்டை தெரியாது, எடிட்டருக்குத்தான் தெரியும். தலையிலிருந்து கால்வரை ஆள் முழுதாகத் தெரிய, மூன்று நான்கு குத்து வெட்டில்லாமல் ஓடினால் அங்கே யாரோ மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை உன் 'ஷினோபி'க்கும் போட்டுப் பார். முடிவு உனக்குப் பிடிக்காது.

படத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது ரிங்குக்கு வெளியே நடப்பது. இடியாப்ப பரம்பரையின் வேம்புலியோடு கபிலன் மோதுகிறான், ஜெயிக்கப்போகிறான். அந்த நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ரவுடிகள் பாய்ந்து அவனை அடித்து, ஆடையை உருவி, ஆயிரம் பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார்கள். ஏவியவன் எதிர்ப் பரம்பரைக்காரன் இல்லை. சார்பட்டாவிலேயே இருக்கிற தணிகை. தன் வீட்டுப் பையனுக்குக் கிடைக்காத இடம் இவனைப் போன்றவனுக்குக் கிடைத்துவிட்டதே என்ற சாதி வயிற்றெரிச்சல். கதை நடப்பது நெருக்கடி நிலைக் காலம், 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படுகிறது, கபிலனின் வாத்தியார் ரங்கனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. வாத்தியாரும் இல்லை, மேடையும் இல்லை. கபிலன் கத்தியைத் தூக்குகிறான், ஜெயிலுக்குப் போகிறான், சாராயம் காய்ச்சுகிறான். பாக்சராக இருந்து ரவுடியாகிச் செத்த அவன் அப்பாவின் பாதை அப்படியே திரும்புகிறது. இந்தப் பயத்தில்தான் அவன் அம்மா பாக்கியம் சின்ன வயதிலிருந்தே அவனை விளக்குமாற்றால் துரத்துகிறாள். அக்கா உன் மீது கத்துவதை அந்தக் காட்சிகளோடு சேர்த்துக் கேட்டுப் பார்.

ஆக, கபிலனை மேலே தூக்கிவிட்டவர்கள் ரோஸும் வேம்புலியும். கீழே தள்ளியவன் சொந்தப் பரம்பரைக்காரன். 'ஷினோபி'யிலும் கிட்டத்தட்ட இதேதான், மோதிக்கொண்டு சாகிறவர்களுக்குள் பெரிய விரோதம் இல்லை, மோதவிட்டவர்கள் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜமான இகாவுக்கும் கோகாவுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர்தான். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள். தீராப் பகையாக அதை ஊதிப் பெரிதாக்கியது பின்னால் வந்த கதைக்காரர்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு நீ 'கோகா' என்று பெயர் வைத்திருக்கிறாயாம். நல்ல பெயர்தான். அவன் இல்லாவிட்டால் நீ யாரோடு பழகுவாய்?

எனக்கு பாக்சிங் சொல்லித்தந்த வாத்தியார் மூன்று வாரம் கையை ஓங்கவே விடவில்லை. முதல் வாரம் கையில் துணி சுற்றினோம். கட்டைவிரலில் துணியின் கண்ணியை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்று, விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக விட்டு எடுத்து, மறுபடி மணிக்கட்டுக்கு. முஷ்டியை மூடினால் துணி இறுக வேண்டும், விரித்தால் ரத்தம் ஓட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அவிழ்த்துப் போட்டுத் திரும்பச் சுற்று என்பார். அடுத்த இரண்டு வாரம் நிற்க மட்டும் கற்றோம். இடது கால் முன்னால், வலது குதிகால் ஒரு விரல்கனம் தூக்கி, தாடையைத் தோளுக்குள் இறக்கி, கை கன்னத்தோடு. குத்து கையிலிருந்து வருவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தூக்கிய குதிகாலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக வருகிறது, முஷ்டி வெறும் வாசல்தான். மூன்று வாரம் கழித்து முதல் குத்து விட்டேன். வாத்தியார் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, "ம், கொசு செத்துச்சு" என்றார்.

படத்தில் பீடி ராயப்பன் என்பவர் கபிலனை மீனவர்களோடு கடற்கரையில் விட்டுப் பழக்குவார். உன் வீட்டுப் பக்கம் அது நடக்காது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றதில் பல இடங்களில் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஓடினால் கணுக்கால் போய்விடும். காசிமேட்டுப் பக்கம் கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு அங்கே வா. கோகாவையும் கூட்டி வா, அவன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆளுக்கொரு ஸ்கிப்பிங் கயிறு வேண்டும், கடையில் வாங்காதே, படகில் கட்டுகிற பழைய நைலான் கயிறு என்னிடம் இருக்கிறது, அறுத்துத் தருகிறேன். பீரோவில் இருக்கும் நட்சத்திரத்தை நீயாகப் பிடுங்காதே, மேல்பலகை பெயர்ந்து வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உன்னை வீட்டில் கொண்டுவந்து விடும்போது குறடு கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா