பக்கம் திறக்கவில்லையா? கிட்டங்கியைத் தாண்டுமுன் பார்க்க வேண்டியவை

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் சவளக்கடையிலிருந்து கல்முனைக்குப் போவது பெரும் பாடு. பெறுபேறும் விண்ணப்ப முடிவுத் திகதியும் மழை பார்த்தா வருகின்றன? போனில் பக்கத்தைத் திறந்தால் பாதிதான் தெரியும், பொத்தான் அழுந்தாது. "போன் பழசு, கல்முனைக் கொமினிகேஷன் கடைக்குப் போ" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும். பல நேரங்களில் கடைக்குப் போகாமலே காரியம் முடியும். பிழை எங்கே என்று ஒழுங்காகத் தேடினால் போதும்.

முதலில், கோளாறு உங்களுக்கு மட்டுமா, ஊருக்கேயா என்று பாருங்கள். வேறொரு தளம் திறக்கிறதா? வேறு சிம் போட்ட போனில் இதே பக்கம் வருகிறதா? மற்றத் தளங்கள் திறந்தும் இந்தப் பக்கம் எந்தப் போனிலும் வராவிட்டால் பிழை அந்தத் தளத்தில். க.பொ.த. பெறுபேறு வெளியாகும் வேளையில் நாடு முழுக்க ஒரே வாசலில் முட்டுகிறது; திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் நெரிசல்தான் கூடும். அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒருதரம் பாருங்கள்.

மற்றவர்களுக்குத் திறந்து உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால், எதற்குள் இருந்து திறந்தீர்கள் என்று கவனியுங்கள். நம்மில் அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். பேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தொட்டால் அது பேஸ்புக்குக்குள்ளேயே ஒரு சின்ன உலாவியில் திறக்கும். அதில் பதிவிறக்கமும் கோப்பு ஏற்றுவதும் அடிக்கடி மக்கர் செய்யும். மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வெளி உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். டேட்டா மிச்சம் பிடிக்க ஒபெரா மினி பாவிப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அதன் உச்சச் சேமிப்பு முறையில் பக்கம் ஒபெராவின் சேர்வரில் சுருக்கப்பட்டே வருகிறது. செய்தி வாசிக்க அது நல்லது, படிவம் நிரப்ப உதவாது.

பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி செத்து உயிர்த்த போன் சிலவேளை பழைய ஆண்டைக் காட்டும்; தளத்தின் சான்றிதழ் அந்தத் திகதியில் செல்லாது. திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை போகவில்லை என்றால் அடையாள அட்டை இலக்கத்தை அங்கே கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பதிப்பு. பிளே ஸ்டோரில் குரோமைப் புதுப்பியுங்கள். அன்ட்ரொயிட் 7 போனுக்குக் குரோம் 119உடனும், 8, 9 போன்களுக்கு 138உடனும் புதுப்பிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு புதிய முறையில் கட்டிய தளங்கள் ஒவ்வொன்றாக உடையத் தொடங்கும். கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 கணினி ஓடினால் அங்கும் குரோம் 109தான் கடைசி; அதில் ஃபயர்பொக்ஸ் 115 நீண்டகாலப் பதிப்பைப் போடுவது மேல்.

பதிப்பு சரியென்றால், அதே பக்கத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் பழைய சேமிப்புத்தான் தடை. அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழியுங்கள்; எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். பொத்தானே தெரியாவிட்டால் போனைக் குறுக்காகப் பிடியுங்கள், எழுத்தளவைக் குறையுங்கள், கடைசியாக 'டெஸ்க்டொப் தளம்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஐபோனில் எடுத்த படத்தைப் படிவம் ஏற்காவிட்டால் அது அநேகமாக ஹெச்.ஈ.ஐ.சி. வடிவில் இருக்கும். கமரா அமைப்பில் 'அதிகப் பொருத்தம்' என்பதைத் தெரிவுசெய்து மறுபடி எடுத்தால் ஜேபெக் ஆகிவிடும்.

தமிழுக்கே உரிய தலையிடி ஒன்று உண்டு. பழைய சுற்றறிக்கைகள் பல பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினி தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளித்து வைத்தது. 'தமிழ்' என்று தட்டியது, பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். அப்படி வந்தால் கோப்பு பழுதில்லை. அந்த எழுத்துகளைப் பிரதிசெய்து பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள். யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருக்கிறது. இன்னும் பாமினியில் தட்டிப் பொதுமக்களுக்கு அனுப்பும் காரியாலயங்களுக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. நீங்கள் இணையப் படிவத்தில் தமிழில் பெயர் நிரப்பும்போது யூனிகோட் விசைப்பலகையையே பாவியுங்கள். பாமினியில் தட்டினால் உங்கள் பெயரும் அந்த ஜே, கே, பி வரிசையாகத்தான் பதிவாகும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் முறையிடுங்கள். "நானா, சைட் வேலை செய்யுதில்ல" என்றால் எவருக்கும் விளங்காது. பக்கத்தின் முகவரி, போன் மாதிரி, உலாவிப் பதிப்பு, நேரம், திரையில் வந்த வாசகம் ஆகியவற்றை எழுதி, திரைப்பிடிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிடுங்கள். எந்தத் திணைக்களத்தை அணுகுவது என்று தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

கடைக்குத்தான் போக வேண்டி வந்தால், வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். நீங்கள் கொடுத்த அடையாள அட்டைப் படம் அந்தக் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும். உங்கள் கண்முன்னே அதை அழிக்கச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.