கதிரும் நொதியும்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சிற்றூர் குன்றாண்டார்கோவில். அங்குள்ள கருங்கற்குன்றைக் குடைந்து, பல்லவர் காலத்துச் சிற்பிகள் சிவபெருமானுக்குக் கோயில் அமைத்தனர். நூற்றாண்டுகள் பல கடந்தும் அக்குன்று அசையாது நிற்கின்றது. எனினும், இத்தகைய கல்லினுள் ஓயாத நிகழ்ச்சி ஒன்று நடைபெறுகின்றது. அதில் சிறிதளவு கலந்துள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் நிலையற்ற அணுக்கள் சிதைந்து, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை வெளிவிடுகின்றன.

கல்லில் மட்டுமன்று, நம் உடலிலும் இது நிகழ்கின்றது. வளர்ந்த மனிதர் உடலில் நொடிதோறும் ஏறத்தாழ 4,000 பொட்டாசியம் அணுக்கள் சிதைகின்றன. அங்ஙனமாயின், நாம் நலமுடன் வாழ்வது எவ்வாறு?

உடலின் பெரும்பகுதி நீரே. கதிர் பாயும்பொழுது நீரின் மூலக்கூறுகள் உடைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய தீய பொருள்கள் தோன்றுகின்றன. உயிரணுக்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களுக்கு நொதிகள் என்று பெயர். அவற்றுள் ஒன்றாகிய கேட்டலேஸ், அத்தீய பொருளை நீராகவும் உயிர்வளியாகவும் மாற்றிவிடுகின்றது. வேறு சில நொதிகள், கதிரால் அறுபட்ட மரபுப்பொருளின் இழைகளைச் செப்பனிடுகின்றன.

கதிரின் அளவு மிகுந்தால் இக்காவல் போதாது, உயிரணுக்கள் மடியும். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்குக் காரணம், உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி. கழுத்துப் பகுதியில் கதிர் மருத்துவம் பெறுவோர்க்கு, உமிழ்நீர்ச் சுரப்பியின் உயிரணுக்கள் சில சிதைவதுண்டு. அவற்றினின்று கசியும் அமைலேஸ் குருதியில் மிகும். உமிழ்நீர் குறைந்து வாய் உலரும்.

ஆயினும், அழிக்கும் கதிரே ஆக்கத்திற்கும் உதவுகின்றது. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயர் பிறருக்கு நேராதிருக்க வேண்டும் என உறுதி பூண்டு, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார்.

இத்தகைய மருத்துவமனைகளில், வேண்டிய கதிர் முழுவதையும் ஒரே நாளில் செலுத்துவதில்லை. பல நாள்களுக்குப் பகுத்தே அளிக்கின்றனர். இடையே கிடைக்கும் நேரத்தில் நல்ல திசுக்களின் நொதிகள் பழுதைச் சீர்செய்துகொள்கின்றன. புற்றுநோய் உயிரணுக்கள் பலவற்றிற்கு அத்திறன் குறைவாதலின், அவை மிகுதியாக மடிகின்றன.

கதிரைக் கண்டு வீணே அஞ்சுதலும் வேண்டா. அதனை அலட்சியம் செய்தலும் கூடாது. அளவறிந்து ஆளுதலே அறிவுடைமை.