வளைந்த விளிம்பு

நுழையுமுன்

மரத்தை அறுத்துப் பலகையாக்கும்போது அதன் ஓரங்களை நேராகச் சீவுவது வழக்கம். மரம் வளர்ந்த வடிவிலேயே சீவாமல் விடப்பட்ட ஓரத்தை இயற்கை விளிம்பு என்பர். அத்தகைய பலகையால் ஒரு படச்சட்டம் உருவான வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

தில்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் அக்குடும்பம் வாழ்ந்து வந்தது. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வந்திருந்த பாட்டி ஓராண்டு அவர்களுடன் தங்கினார். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டே பழகியவர் அவர். இங்கோ, வாசல் என்பது எல்லாரும் நடக்கும் பொதுவழி. அவர் இட்ட கோலம் ஒரு மணி நேரத்திற்குள் துடைக்கப்பட்டுவிடும். ஆகவே, ஆறாம் வகுப்பில் படிக்கும் பேத்திக்குக் கற்பிப்பதற்காகப் பாட்டி வெள்ளைத்தாளில் மையால் சிக்குக்கோலங்களை வரைந்தார்.

அவற்றுள் ஒன்று ஏழு புள்ளி, ஏழு வரிசைக் கோலம். ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். முதுமையால் பாட்டியின் கை நடுங்கியதால், வலப்பக்க மூலையில் மட்டும் அவ்விழை சற்றே நெளிந்திருந்தது.

பாட்டி ஊர் திரும்ப ஒரு மாதமே இருந்தது. அக்கோலத்திற்குச் சட்டமிட்டு மாட்ட வேண்டுமெனச் சிறுமி விரும்பினாள்.

"கணினியில் வரைந்து அச்சிட்டுவிடலாமே? கோடுகள் ஒழுங்காக வரும்" என்றான் அண்ணன்.

அது சரியென்றே அவளுக்கும் தோன்றியது. ஆயினும் உடன்பட மனம் வரவில்லை. ஏனென்று சொல்லவும் தெரியவில்லை.

மறுநாள் தந்தை அவளைக் கீர்த்தி நகருக்கு அழைத்துச் சென்றார். மரக்கடைகளும் அறைகலன் கடைகளும் நிறைந்த பகுதி அது. அங்கே சகாரன்பூரைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவரின் பட்டறை இருந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த சீசம் மரப்பலகை ஒன்றைத் தச்சர் எடுத்துக் காட்டினார். அதன் இரண்டு ஓரங்களும் ஆற்றங்கரைபோல் வளைந்திருந்தன. நடுப்பகுதி கரும்பழுப்பாகவும் ஓரங்கள் வெளிர்மஞ்சளாகவும் தோன்றின.

"சாச்சா, இந்த ஓரத்தை நேராக்கிவிடலாமா?" என்று சிறுமி இந்தியில் கேட்டாள்.

தச்சர் சிரித்தார். "ஆக்கலாம், மகளே. நேராக்கிவிட்டால் இது எல்லாப் பலகைகளையும் போல ஒன்றாகிவிடும். இந்த வளைவைப் பார். இங்கே ஒரு கிளை புறப்பட்டிருக்கிறது. இந்த மரம் எப்படி நின்றது என்பதை இந்த ஓரந்தான் சொல்கிறது" என்றார்.

பலகை நன்றாக உலர்ந்ததுதானா என்று தந்தை வினவினார். ஓர் அங்குலப் பருமனுள்ள பலகை காற்றில் உலர ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்றும், அப்பலகை ஈராண்டுகளாக அங்கே இருப்பதாகவும் தச்சர் கூறினார். ஈரமரம் உலரும்போது அகலவாட்டில் மிகுதியாகச் சுருங்கும். நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. உலராத மரத்தில் செய்த சட்டம் சில திங்களிலேயே மூலைகளில் பிளந்துவிடும்.

விளிம்பில் ஒட்டியிருந்த பட்டையை நீக்கும் பணி சிறுமிக்குக் கிடைத்தது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே பூச்சிகள் தங்கும். காலப்போக்கில் பட்டை தானே உதிரவும் கூடும். அவள் முகக்கவசம் அணிந்து, மழுங்கிய உளியால் பட்டையை மெல்ல நெம்பி எடுத்தாள். முரட்டுத் தூரிகையால் துகள்களைத் துடைத்தாள். பின்னர் இழையோடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்தாள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்று தச்சர் முன்பே எச்சரித்திருந்தார்.

தச்சர் பலகையை நீளவாட்டில் இரண்டாக அறுத்தார். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவாகவும் அமைந்தது. நேரான பக்கம் உள்ளேயும் வளைவான பக்கம் வெளியேயும் வருமாறு நான்கு துண்டுகளை வெட்டினார். வழக்கமான சட்டங்களின் மூலைகளை 45 பாகைச் சாய்வில் வெட்டிச் சேர்ப்பர். இங்கே துண்டுகளின் அகலம் இடத்திற்கு இடம் மாறியதால் சாய்வு வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே, சேருமிடத்தில் இரு துண்டுகளின் பருமனிலும் பாதியைக் களைந்து, ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைத்துப் பசையிட்டு இறுக்கினார்.

"சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று நீயே அளந்து சொல்" என்று அவர் அளவுநாடாவை நீட்டினார். உள்வெளியின் அகலம் 29 செ.மீ., உயரம் 37 செ.மீ. இரண்டு மூலைவிட்டங்களையும் அவள் அளந்தாள். இரண்டும் 47 செ.மீ. இருந்தன. எதிர்ப்பக்கங்கள் சமமான நாற்கரத்தில் மூலைவிட்டங்களும் சமமானால் கோணங்கள் செங்கோணங்கள் எனக் கணக்கு வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பசை உலர்ந்தபின், கண்ணாடி அமர்வதற்காகச் சட்டத்தின் பின்புற உள்விளிம்பில் தச்சர் காடி எடுத்தார். ஆளிவிதை எண்ணெயை ஒருநாள் இடைவெளியில் இருமுறை பூசினார். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியாமல் விரித்து உலரவைத்தார். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

கோலத்தாளைப் பொருத்துவதிலும் கவனம் தேவைப்பட்டது. தாள் முழுவதும் பசை தடவினால், மழைக்காலத்தில் அது விரிந்து சுருங்கும்போது சுருக்கம் விழும். ஆதலால் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள்பட்டைகளால் அதைத் தொங்கவிட்டனர். கண்ணாடியில் படாதிருக்க, நடுவில் திறப்பு வெட்டிய அட்டையை இடையில் வைத்தனர். மலிவான அட்டையிலுள்ள அமிலம் தாளை மஞ்சளாக்கும். எனவே அமிலமற்ற அட்டையையே பயன்படுத்தினர்.

வீட்டிற்கு வந்த சட்டத்தைப் பாட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "கோலம் என்பது மாலைக்குள் அழிந்து, மறுநாள் மீண்டும் பிறப்பது. அதைச் சுவரில் கட்டி வைக்கலாமா, கண்ணு?" என்று கேட்டார்.

சிறுமி சிறிது நேரம் பேசவில்லை. "இது பார்ப்பதற்கு மட்டும் இல்லை, பாட்டி. நீங்கள் ஊருக்குப் போனபின், இதைப் பார்த்து நான் நாள்தோறும் வாசலில் போடுவேன். அவர்கள் துடைத்தால் துடைக்கட்டும், மறுநாளும் போடுவேன்" என்றாள்.

அண்ணன் சட்டத்தின் அருகே வந்தான். விளிம்பின் வளைவையும், மூலையில் நெளிந்த இழையையும் மாறிமாறிப் பார்த்தான். அச்சிடுவதைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை. வெயில் நேராகப் படாத சுவராகத் தேடி அவனே ஆணி அடித்தான்.

பாட்டி ஊருக்குப் புறப்பட்ட மறுநாள் காலையில் நான்காம் தளத்து வாசலில் ஒரு கோலம் இருந்தது. ஏழு புள்ளிகளில் இரண்டு வரிசை விலகியிருந்தன. ஆனாலும் இழை தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்திருந்தது.

சொல்லும் பொருளும்

அறைகலன் – மேசை, நாற்காலி முதலியன
காடி – மரத்தில் வெட்டும் பள்ளம்
உப்புத்தாள் – மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் தாள்
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
வைரம் – மரத்தின் முற்றிய நடுப்பகுதி
வெளிறு – மரத்தின் முற்றாத வெளிப்பகுதி

தெரிந்து தெளிவோம்

மரத்தின் முற்றிய பகுதியைக் காழ் என்றும் வைரம் என்றும் கூறுவர். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இதன்படி தென்னையும் பனையும் புல்லினத்தைச் சேரும். உடலுறுதி மிக்க முதியவரை 'வைரம் பாய்ந்த கட்டை' என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பாட்டி தாளில் கோலம் வரையத் தொடங்கியது ஏன்?
2. உலராத மரத்தில் சட்டம் செய்தால் என்ன நேரும்?
3. மூலைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்க்க இயலாமைக்குக் காரணம் யாது?

ஆ. 'இழை' என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருள்களில் வருகிறது. அவற்றைக் கண்டறிந்து தனித்தனித் தொடர்களில் அமைக்க.

இ. சிந்தித்து எழுதுக.
கோலத்தைக் கணினியில் வரைந்து அச்சிட்டிருந்தால் எதைப் பெற்றிருப்பர்? எதை இழந்திருப்பர்?

ஈ. செய்து பார்க்க.
உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் ஊரில் இட்ட கோலம் ஒன்றைக் கேட்டுக் கற்று, அதன் பெயரையும் புள்ளிக் கணக்கையும் எழுதி வருக.