கூட்டாகச் செய்யும் மென்பொருள் வேலையில் பிள்ளை படிப்பது என்ன?



அண்மையில் ஒரு தகப்பன் என் ஒபீசுக்கு வந்தார். "ஐயா, மகன் கம்பஸ்ல கணனி படிக்கிறான். லீவுல வந்தாலும் நாலு பேரோட சேர்ந்து ஏதோ மென்பொருள் எழுதுறான். சம்பளமே இல்லையாம். நிப்பாட்டச் சொல்லவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள் என்று பதிய ஒழுங்கான வழி இருக்கவில்லை. நம் நாட்டுக் கணனித் தொண்டர்கள் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதை எவரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம். 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் பூமியதிர்ச்சி வந்தபோது அது உதவியது. பல மாணவர்களும் அதில் வேலை செய்திருக்கிறார்கள்.

இத்தகைய வேலையில் பிள்ளை படிப்பவை:

1. பிறர் எழுதியதை விளங்கிக்கொள்ளல். முன்பின் தெரியாதவர் எழுதியதை வாசித்து, அதன் மேல்தான் தன் பங்கைச் சேர்க்க வேண்டும்.

2. பிழையைத் தெளிவாகச் சொல்லல். "வேலை செய்யல" என்றால் போதாது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என மூன்றையும் எழுத வேண்டும்.

3. திருத்தத்தை ஏற்றல். இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகே அவன் எழுதியதைச் சேர்ப்பார்கள். திருப்பி அனுப்பினால் கோபப்படாமல் திருத்திக் கொடுக்கப் பழகுவான்.

4. பொறுப்பு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்ற கருவி, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும். நம்ம செக்ரோல் மாதிரிதான். செய்த வேலை பேரோடு நிற்கும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். கொழும்பில் சிபாரிசு செய்ய நமக்கு ஆள் இல்லை. ஆனால் வேலை கேட்டுப் போகும் பிள்ளை, சான்றிதழோடு இந்தப் பதிவையும் காட்டலாம். செய்த வேலையே அவனுக்காகப் பேசும்.

ஒரு எச்சரிக்கை. எல்லோருக்கும் இலவசமாகப் போகும் வேலைக்குச் சம்பளம் இல்லாதது சரி. ஒரு கம்பனி தன் இலாபத்துக்கு வேலை வாங்கினால் கூலி கேட்கத்தான் வேண்டும். பரீட்சைப் படிப்பும் கெடக் கூடாது.

மகனோ மகளோ கணனி முன்னால் இருந்தால், "இன்றைக்கு நீ என்ன சேர்த்தாய்? யார் திருத்தினார்கள்?" என்று கேளுங்கள். விளங்கும்படி பதில் சொன்னால், பிள்ளை உண்மையிலேயே படிக்கிறது என்று நம்பலாம்.